பிடிமண் இல்லாத சாமிகள்
நித்தியேந்திரனின் சுடுமண் உருவங்கள், அரூப ஓவியம், பால்புதுமை அடையாளம்

1

முதலில் அந்த உருவங்கள் எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுவது நல்லது. ‘அடையாளம்’, ‘உடலரசியல்’ என்று ஆரம்பித்துவிட்டால் உருவம் காணாமல்போய்ச் சொல் மட்டும் மிஞ்சுவது நம் கட்டுரைகளில் வழக்கமாக நடப்பது.

சிறியவற்றை மேசைமேல் வைக்கலாம்; பெரியவை ஆளுயரத்தைத் தாண்டும். உடம்பெல்லாம் விரல் அழுத்திய தடம். தலைமேல் தலை, முகத்துக்குள் முகம். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. அது சிரிப்பா மிரட்டலா என்று சொல்லமுடியாது. ஒரே உடம்பில் முலையும் இருக்கிறது, ஆண்குறியும் இருக்கிறது. சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கிறது. மேலே மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாக மெருகை ஊற்றி வழியவிட்டிருக்கிறார். பொன்பூச்சு, மணிகள், சிலவற்றில் மனித முடியும். நம்மூர்க்காரர் ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்: “என்னய்யா இது, சாமியா பொம்மையா?”

செய்தவர் ரமேஷ் மரியோ நித்தியேந்திரன். 1988இல் கொழும்பில் பிறந்தவர். அடுத்த ஆண்டே குடும்பம் போரிலிருந்து வெளியேறி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது, வளர்ந்தது சிட்னியில். குடும்பத்தில் தமிழ் வேரும் உண்டு, பறங்கியர் வேரும் உண்டு. இந்து, கிறித்தவ உருவங்கள் இரண்டையும் தன் வேலையில் எடுத்தாள்கிற இவர் தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொள்பவர். படித்தது ஓவியம், மண்ணுக்கு வந்தது அதன் பிறகு. 2015இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி மையர் நிதியச் சுடுமண்கலை விருது கிடைத்தது. 2016இல் கான்பராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் ‘மட் மென்’, அதாவது மண் மனிதர்கள், என்ற காட்சி நடந்தது. நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தின் முகப்பு மண்டபத்திற்காக ‘அவதார் டவர்ஸ்’ என்று ஒரு கூட்டத்தையே செய்து நிறுத்தினார்.

இவ்வளவு சொன்னதும் நம்மிடையே இரண்டு எதிர்வினைகள் வரும். ஒன்று, “நம்ம பிள்ளை உலக அரங்கில் சாதித்துவிட்டான்” என்கிற பெருமை. இன்னொன்று, “இதெல்லாம் நம்ம மரபிலேயே இருக்கிறதே, அர்த்தநாரீஸ்வரர் இல்லையா” என்கிற சமாதானம். இரண்டுமே அந்த உருவங்களைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்கிற வழிகள் என்பது என் கருத்து. ஏன் என்பதைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

2

ஓவியம் படித்தவர் மண்ணுக்கு ஏன் போகவேண்டும்?

மேற்கத்தியக் கலை நிறுவனங்களில் கலை, கைவினை என்று ஒரு படிநிலை உண்டு. எண்ணெய் வண்ணம், பளிங்கு, வெண்கலம் எல்லாம் மேலே. மண், நூல், துணி எல்லாம் கீழே. கீழே உள்ளவை வீட்டோடு சேர்ந்தவை, பெண்களோடு சேர்ந்தவை, பயன்பாட்டோடு சேர்ந்தவை. ஜூடி சிகாகோ 1974 முதல் 1979 வரை பலரோடு சேர்ந்து உருவாக்கிய ‘தி டின்னர் பார்ட்டி’ இந்தப் படிநிலையைத்தான் குறிவைத்தது. வரலாற்றில் இடம் மறுக்கப்பட்ட பெண்களுக்காக 39 இருக்கைகள் கொண்ட முக்கோண மேசை. ஒவ்வொரு இருக்கைக்கும் வண்ணம் தீட்டிய பீங்கான் தட்டு. ‘பொழுதுபோகாத பெண்கள் செய்கிற வேலை’ என்று ஒதுக்கப்பட்ட பீங்கான் ஓவியத்தையே கையிலெடுத்ததுதான் அதன் அரசியல்.

நம்மிடமும் இந்தப் படிநிலை இருக்கிறது. இங்கே அதற்குப் பெயர் சாதி. கல்லிலும் செம்பிலும் ஆகமப்படி சிலை செய்பவர் ஸ்தபதி. மண்ணில் அய்யனாருக்குக் குதிரை செய்பவர் வேளார். கல்சாமி கருவறையில், மண்குதிரை ஊர் எல்லையில் வெயிலில். எந்தப் பொருளை யார் தொடுவது என்பது அழகியல் பிரச்சினை மட்டுமல்ல என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆக, பாலியல் படிநிலையில் கீழே தள்ளப்பட்ட ஒருவர் பொருட்களின் படிநிலையில் கீழே தள்ளப்பட்ட ஒன்றைக் கையிலெடுப்பது தற்செயல் அல்ல. ஆனால் அதை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்கவேண்டும். நித்தியேந்திரன் மண்ணை ‘உயர்த்த’ முயலவில்லை. வழவழவென்று தேய்த்து, “பாருங்கள், மண்ணிலும் பளிங்கு போலச் செய்யலாம்” என்று நிரூபிக்கவில்லை. ஒட்டிய இடம் ஒட்டிய இடமாகவே தெரிகிறது. தன்னை மதிக்கவேண்டுமென்றால் மேலே இருப்பவர்போல நடந்துகாட்ட வேண்டும் என்கிற நிபந்தனை இங்கே நிராகரிக்கப்படுகிறது. ‘நாங்களும் உங்களைப்போல ஒழுக்கமானவர்கள்தான், குடும்பமாக வாழ்கிறவர்கள்தான்’ என்று சொல்லி உரிமை கேட்கிற பால்சிறுபான்மை அரசியலுக்கும் இதற்கும் உள்ள தூரம் முக்கியமானது.

‘குயர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதையும் இதுதான். அது ஒரு வசைச்சொல். 1990இல் நியூயார்க்கில் ‘குயர் நேஷன்’ அமைப்பைத் தொடங்கியவர்கள் அந்த வசையையே கொடியாகப் பிடித்தார்கள். தமிழில் நாம் ‘பால்புதுமை’ என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் அதில் வசையின் காயம் இல்லை. ‘ஒம்போது’ என்று தெருவில் கூப்பிடப்பட்டவருக்குத்தான் அந்த ஆங்கிலச் சொல்லின் முழு எடையும் புரியும்.

3

மண் எப்படிச் சுடுமண் ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மேலே போவது எளிது.

பிசைந்த மண்ணில் தண்ணீர் இருக்கிறது. காயும்போது அது போகிறது, உருவம் சுருங்குகிறது. சுவர் ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெலிதாகவும் இருந்தால் சுருக்கம் சமமாக இருக்காது, விரிசல் விழும். ஈரம் உள்ளே தங்கி, சூளையை வேகமாகச் சூடாக்கினால், நீராவி உருவத்தை உடைத்து வெளியேறும். சுமார் 500 முதல் 600 டிகிரி வெப்பத்தில் மண்ணின் வேதி அமைப்பிலேயே கட்டுண்டு கிடக்கிற நீரும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது பழையபடி சேறாகாது. மெருகு என்பது அடிப்படையில் கண்ணாடி. மணல்சத்தும், அதை உருகவைக்கிற பொருளும், நிறத்துக்கு உலோகமும் சேர்ந்து உருகிப் படிவது.

இதில் ஒரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மெருகில் செம்பைக் கலந்தால் என்ன நிறம் வரும்? சூளைக்குள் ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தால் பச்சை. ஆக்ஸிஜனைக் குறைத்துப் புகையவிட்டால் சிவப்பு. அதே செம்பு, அதே மண், அதே கை. காற்று வேறு.

‘இது பிறவியிலேயே வருவதா, இடையில் வருவதா?’ என்று நம் கூட்டங்களில் யாராவது கேட்காமல் இருந்ததில்லை. பிறவி என்றால் மன்னிப்பு. இடையில் வந்தது என்றால் மருத்துவம் அல்லது உதை. செம்பின் உண்மையான நிறம் பச்சையா சிவப்பா என்று கேட்பதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறதோ அவ்வளவுதான் இந்தக் கேள்வியிலும் இருக்கிறது. செம்பு இல்லாமல் அந்தச் சிவப்பு வராது என்பது சரி. ஆனால் எந்தக் காற்றில் சுடப்பட்டது என்பதை விட்டுவிட்டு நிறத்தைப் பற்றிப் பேசமுடியாது. அடையாளம் உள்ளே ஒளிந்திருந்து ஒருநாள் கண்டுபிடிக்கப்படுகிற பொருளல்ல. குறிப்பிட்ட சட்டங்கள், வசைகள், சிநேகங்கள், பயங்கள் நடுவில் உருவாவது. உருவானபின் அது பொய்யாகிவிடுவதில்லை. சுட்ட மண்ணைத் திரும்பக் கரைக்கமுடியாதது போலத்தான்.

நித்தியேந்திரன் பிறந்த நாட்டில், பிரிட்டிஷார் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இந்த உறவுகளைக் குற்றமாக்கின. 365அ பிரிவை 1995இல் திருத்தியபோது தளர்த்தவில்லை. ‘ஆண்’ என்றிருந்ததை ‘நபர்’ என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்துப்போட்டார்கள். இவற்றை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னது 2023 மே மாதத்தில். அவர் வளர்ந்த நியூ சவுத் வேல்ஸில் ஆண்களிடையேயான உறவு 1984இலேயே குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. 2017இல் ஆஸ்திரேலியா முழுக்கத் திருமண உரிமையும் வந்தது. ஆனால் அங்கே அவர் அகதிக் குடும்பத்துப் பிள்ளை, கறுத்த தோல்காரர். ஒரு காற்று விடுவித்ததை இன்னொரு காற்று வேறுவிதமாக இறுக்கியிருக்கும்.

4

இனி அந்த வழியும் நிறங்களுக்கு வருவோம். உருவத்தை ஒரு கணம் மறந்துவிட்டு மேற்பரப்பை மட்டும் பார்த்தால் அது அரூப ஓவியம். நிறம் எதையும் குறிக்கவில்லை. தோலின் நிறமாக இல்லை, உடுப்பின் நிறமாக இல்லை. மூக்கைத் தாண்டி, வாயைத் தாண்டி, உறுப்புகளின் எல்லையைச் சட்டைசெய்யாமல் வழிந்துபோகிறது. கீழே உள்ள உருவம் ‘இது முலை, இது குறி’ என்று அடையாளம் சொல்ல, மேலே உள்ள நிறம் அதை அழித்துக்கொண்டே போகிறது. படித்த ஓவியத்தை அவர் கைவிட்டுவிடவில்லை, மண்மேல் ஏற்றியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பால்புதுமை அனுபவத்தைச் சொல்ல வருகிறவர் அரூபத்துக்கு ஏன் போகவேண்டும்? சொல்ல வேண்டியதைப் பச்சையாகச் சொல்லாமல் மூடி மறைப்பதல்லவா அது? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேட அமெரிக்க ஓவியர் லூயிஸ் ஃபிஷ்மனை (1939–2021) பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நித்தியேந்திரனுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்லவில்லை. கேள்வி ஒன்று என்பதால் சேர்த்துப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் அரூப ஓவியம் உச்சத்தில் இருந்த காலம்தான் மெக்கார்த்தி காலமும். 1953இல் ஐசனோவர் பிறப்பித்த ஆணை, ‘பாலியல் பிறழ்வு’ உள்ளவர்களை அரசுப் பணியிலிருந்து நீக்க வழிசெய்தது. யார் யாரோடு பழகுகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்பதெல்லாம் சாட்சியமாயிற்று. அப்படிப்பட்ட காலத்தில் எதையும் காட்டிக்கொடுக்காத ஓவியம் ஒரு பதுங்குகுழியாகவும் இருந்திருக்கமுடியும். அதே நேரம், அந்த அரூப ஓவியத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட கதையாடல் முழுக்க முழுக்க ஆண்மையின் கதையாடல். பெரிய கித்தான், பெரிய கை வீச்சு, குடி, சண்டை.

ஃபிஷ்மன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; பெண்களை நேசித்த பெண். பெண்ணிய இயக்கத்துக்குள் வந்தபின் தன் ஓவிய மொழி ஆண்களிடமிருந்து வாங்கியது என்ற உறுத்தலில் பழைய கித்தான்களை வெட்டித் தைத்துப் பார்த்தார். 1973இல் ‘கோபக்கார ஓவியங்கள்’ என்று 30 ஓவியங்கள் செய்தார். கோபக்கார லூயிஸ் என்று தன் பெயரில் தொடங்கி, தோழிகள், முன்னோடிகள் என்று ஒவ்வொரு பெண்ணின் பெயரும் கோபத்தோடு சேர்த்துக் கிறுக்கித் தீட்டப்பட்டது. அதில் முகம் இல்லை. யார் எப்படியிருந்தார் என்று தெரியாது. கோபம் தெரியும், கையின் வேகம் தெரியும்.

1988இல் அவர் ஆஷ்விட்ஸ், தெரேசின் வதைமுகாம்கள் இருந்த இடங்களுக்குப் போனார். பிர்கெனோவில் எரிக்கப்பட்டவர்களின் சாம்பல் கொட்டப்பட்ட குளம் ஒன்று உண்டு. அதன் வண்டலைக் கொண்டுவந்து தேன்மெழுகோடு வண்ணத்தில் கலந்து அரூப ஓவியங்கள் தீட்டினார். நாஜிகள் யூதர்களைக் கொன்றார்கள். தற்பால் நேயம் கொண்ட ஆண்களுக்கு இளஞ்சிவப்பு முக்கோணம் குத்தி முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளை அடையாளம் கண்டு, முத்திரை குத்தி, வகைபிரித்து அழித்த இடத்தின் மண் அது. அந்த மண்ணைக் கொண்டு மனித உருவம் வரைய அவர் மறுத்தார். இதை மூடிமறைத்தல் என்று சொல்லமுடியுமா? அடையாளம் காட்டு என்று அதிகாரம் கேட்கும்போது, இருப்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்லி, அடையாளத்தைத் தரமறுப்பது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

5

நம் நிலைமைக்கு வருவோம். 2014இல் நால்சா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய பாலினத்தை அவரே தீர்மானிக்கலாம் என்றது. 2019இல் வந்த சட்டமோ மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கச் சொன்னது. 2018இல் 377ஆம் பிரிவின் பல் பிடுங்கப்பட்ட பிறகும், போலீஸ் நிலையத்திலும் மருத்துவமனையிலும் வீட்டிலும் ‘நீ யார், நிரூபி’ என்கிற கேள்வி தீரவில்லை. அரசு கேட்பது ஆவணச் சான்றிதழ். நம்மைப் போன்ற முற்போக்காளர்கள் கேட்பது வேறொரு சான்றிதழ்: மரபில் இதற்கு இடம் இருந்ததா?

அர்த்தநாரீஸ்வரர் அந்த மரபுச் சான்றிதழ்களில் மிகப் பிரபலமானது. ஆனால் அந்தப் படிமத்தைச் சற்றுக் கவனியுங்கள். வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். நடுவில் ஒரு நேர்கோடு. கோட்டுக்கு இந்தப்பக்கம் இருப்பது அந்தப்பக்கம் போகாது. இரண்டும் கணவன் மனைவி. பால் இருமையைக் கலைக்கிற உருவமல்ல அது, இருமையைத் தம்பதியாக்கி நிரந்தரப்படுத்துகிற உருவம். நித்தியேந்திரனின் உருவங்களில் அந்தக் கோடு இல்லை. எங்கே எது முளைக்கும் என்று சொல்லமுடியாது. இணக்கம் இல்லை, அமைதி இல்லை, பல்லைக் காட்டுகின்றன. சாமியின் வடிவத்தை எடுத்துக்கொண்டு சாமியின் அங்கீகாரத்தைத் தூக்கிப்போட்டுவிட்ட உருவங்கள் அவை.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் புரவியெடுப்பு என்றால் முதலில் பிடிமண் கொடுப்பார்கள். ஊரார் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுத்தால்தான் குதிரை செய்யத் தொடங்கலாம். ஊர் கொடுக்கிற அனுமதி அது. இந்தச் சாமி எங்களுடையது என்கிற ஒப்பந்தம். அதில் யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் ஊர்தான் தீர்மானிக்கும்.

நித்தியேந்திரனுக்குப் பிடிமண் கொடுக்க ஊர் இல்லை. ஒரு வயதில் ஊர் போயிற்று. போய்ச்சேர்ந்த சிட்னியோ கடிகல் மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம். அந்த மண்ணையும் ‘என் மண்’ என்று அவர் சொல்லிவிடமுடியாது. பால்புதுமையினர் பலரின் நிலையும் இதுதானே? பிறந்த வீட்டில் பிடிமண் கிடைக்காது. புகுந்த இடத்தில் கேட்கவே முடியாது. அப்படிப்பட்டவர் யாரிடமும் கேட்காமல் சாமி செய்துகொள்கிறார் என்பதுதான் இந்த உருவங்களில் இருக்கிற அத்துமீறல். மரபில் இடம் இருந்ததா இல்லையா என்பது வரலாற்றுக் கேள்வி, ஆராயலாம். ஆனால் இருந்ததென்று நிரூபித்தால்தான் இன்றைக்கு உரிமை என்றால், நிரூபிக்கமுடியாதபோது என்ன செய்வோம்?

6

எதிர்வாதங்களையும் பேசிவிடவேண்டும்.

வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகள் தற்கொலை செய்துகொள்கிற இடத்தில் சிட்னிக் கலைக்கூடத்துப் பொம்மைகள் எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். கலைக்கூடமும் ஓர் அதிகார நிறுவனம்தான். குடியேறியவர், கறுத்தவர், பால்புதுமையினர் என்று மூன்று பெட்டியிலும் குறியிடக்கூடிய ஒருவரைக் காட்சிக்கு வைத்தால் அந்த நிறுவனத்துக்குப் பன்முகத்தன்மைப் பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. மண்குதிரை வெயிலில் சிதைந்து அடுத்த புரவியெடுப்பில் புதிதாகப் பிறக்கும். கலைக்கூட உருவமோ காப்பீட்டுத் தொகையோடு பத்திரமாக இருக்கும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. அந்த உருவங்களின் கோபத்தை அந்த வெள்ளைச் சுவர்கள் கொஞ்சம் விழுங்கத்தான் செய்யும்.

ஆனால் “நம்ம பிள்ளை” என்று பெருமைப்படுகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. விருது வாங்காத, சிட்னியில் இல்லாத, உங்கள் தெருவிலேயே இருக்கிற பிள்ளை இப்படியொரு உருவத்தைச் செய்து உங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தால் என்ன செய்வீர்கள்? உருவத்தை உடைப்பீர்களா, பிள்ளையை உடைப்பீர்களா?

இன்னொரு கேள்வி நமக்கு, அதாவது எழுதுகிற, பத்திரிகை நடத்துகிற நமக்கு. திருநங்கையரும் தற்பால் விருப்பினரும் நம்மிடம் எழுத்து கொண்டுவந்தால் நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “உங்க வாழ்க்கைய எழுதுங்க.” லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறும் ரேவதியின் ‘வெள்ளை மொழி’யும் தமிழுக்கு எவ்வளவு பெரிய கொடை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. அவற்றின் தேவை தீர்ந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. பிரச்சினை நம் கேட்கும் முறையில் இருக்கிறது. சாட்சியம் சொன்னால் அச்சிடுகிறோம். அதே கை ஒரு புரியாத கவிதையை, உருவமில்லாத ஓவியத்தை, அரசியலோடு நேரே சம்பந்தமில்லாத ஒரு கட்டுரையைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பரிசோதனை செய்து பார்க்கிற உரிமையை மற்றவர்களுக்கு வைத்துக்கொண்டு, இவர்களுக்கு வாக்குமூலத்தை மட்டும் ஒதுக்கிவிட்டோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கிற சான்றிதழுக்கும் நாம் கேட்கிற வாக்குமூலத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

அடுத்த முறை அப்படியொரு படைப்பு மேசைக்கு வந்தால், எழுதியவர் யார் என்று கேட்பதற்கு முன்னால், அது என்ன செய்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.